தாடிக்காரியின் தகப்பன்

ஏப்ரல் 9

இல்லை, கதவைச் சாத்தினேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. அது ஜனவரி; கல்யாணமாகி வந்து ஒரு வாரம்கூட ஆகாத வீடு. எந்தக் கதவு உள்ளே திறக்கும், எது வெளியே திறக்கும் என்று கைக்குப் பழகவில்லை. கொட்டகைக்குள் போனேன், கோழிகளுக்குத் தீனி போட்டேன், வந்தேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தச்சரின் சேவல் உள்ளே நிற்பதை மாமா பார்த்தார். விரட்டினார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அதோடு முடிந்தது என்று இருந்தேன்.

இன்று மாமா வளர்ந்த குஞ்சு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சாப்பாட்டு மேசைமேல், தட்டுகளுக்கு நடுவே நிறுத்தினார். வெள்ளைதான். ஆனால் இரண்டு கன்னத்திலும் பஞ்சை ஒட்டவைத்த மாதிரி புடைப்பு. கால் மஞ்சள் இல்லை, சாம்பல். முதுகில் மை தெறித்ததுபோல் கறுப்பு.

"இத்தனை வருஷத்துல இந்த வெள்ளையில ஒரு பொட்டு விழுந்ததில்ல," என்றார்.

பிறகு என் பக்கம் பார்க்காமல், அத்தையிடம்: "தத்துவம் படிச்ச பொண்ணு. ஒரு கதவைச் சாத்தத் தெரியல."

அத்தை குழம்புக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குஞ்சு என் தட்டில் எச்சமிட்டது.

ஏப்ரல் 10

அவனிடம் கேட்டேன். (கணவன் என்று இங்கேகூட எழுத வரவில்லை. அவன்.)

"அப்பா அப்படித்தான். ரெண்டு நாள்ல சரியாயிடுவாரு."

வரைபலகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். யாரோ கட்டப்போகும் வீட்டுக்கு மாடிப்படி போட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 12

சரியாகவில்லை.

இந்த வீட்டில் கோழி என்பது கோழி இல்லை. அது மாமாவின் பெயர். வெளியூர்களிலிருந்து வருகிறார்கள், அவருடைய வெள்ளையில் ஒரு ஜோடி கிடைக்குமா என்று. கூடத்து அலமாரி முழுக்கக் கண்காட்சிக் கோப்பைகள். நெட்டுக்குத்தாக ஒற்றைக் கொண்டை, மஞ்சள் கால், பால் வெள்ளை உடம்பு. வெளியிலிருந்து ஓர் இறகுகூட உள்ளே வந்ததில்லை என்று வருகிறவர்களிடம் சொல்வார். இந்தப் பருவத்துக் குஞ்சு எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதில் எது கலந்திருக்கிறதோ.

என்னிடம் பேசுவதில்லை. நான் எதிரே நிற்கும்போதே அத்தையிடம், "அந்தப் பொண்ணைக் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு."

அத்தை என்னைப் பார்த்து: "கொட்டகைப் பக்கம் போக வேண்டாம்மா."

நாடகத்தில்கூட இப்படி எழுதினால் நம்பமாட்டார்கள்.

ஆக, இந்த வீட்டில் நான் யார் என்பது முடிவாகிவிட்டது. கெடுத்தவள்.

ஏப்ரல் 15

இதை எழுதாமல் தூங்க முடியாது.

மதியம் தச்சர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். மேலே வாழையிலையோ காகிதமோ இல்லை, நல்ல கண்ணாடி மூடி. தலை குனிந்து நின்றார்.

"ஐயா, நடந்தது நடந்துபோச்சு. இனிமே அதால உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

சேவலை அறுத்துவிட்டார். மன்னிப்புக்கு அடையாளமாகப் பாதியைச் சமைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

மேசையில் வைத்தார்கள். அவன் இரண்டு முறை போட்டுக்கொண்டான். அத்தை கொஞ்சம். நானும் சாப்பிட்டேன் — ஆமாம், சாப்பிட்டேன், மெல்லும்போதுதான் எதை மெல்கிறேன் என்று உறைத்தது. மாமா மட்டும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

என் கதவால் ஒரு தலை போயிருக்கிறது.

ஏப்ரல் 28

கலப்புக் குஞ்சை மாமா ஏன் இன்னும் வைத்திருக்கிறார்? பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தனிக்கூண்டு. அத்தை கேட்டதற்கு, "வளரட்டும். வளர்ந்து நிக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்," என்றாராம்.

எனக்கான கண்காட்சி.

துவைக்கிற கல் கொட்டகையில் சேர்த்தியா என்று யாரும் சொல்லவில்லை. அதனால் தீனி நான்தான் போடுகிறேன். பெட்டை. அவன் வைத்த பெயர் தாடிக்காரி. வெட்கமில்லாமல் அழகாக வளர்கிறாள்.

மே 19

தாடிக்காரிக்குக் கொண்டை முளைத்துவிட்டது. ஆனால் எழுந்து நிற்கவில்லை. மண்டையோடு படிந்து, மூன்று வரிசையாக, சின்னச் சின்ன மேடு. அவரைவிதைகளை அடுக்கின மாதிரி.

தச்சரின் சேவலுக்கு எப்படி இருந்தது? நினைவில்லை. சாப்பிட்ட ஒன்றின் முகம் நினைவில்லை.

மே 23

கல்லூரி நூலகத்தில் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்று. கடைசியாக யாரோ எடுத்தபோது நான் பிறந்திருக்கமாட்டேன். நூலகர் என்னைப் பார்த்த பார்வை — முதலாண்டுக்குத் தருக்கம் எடுக்கிற அம்மாவுக்கு என்ன ஆச்சு?

ஒரு கலப்புக் கோழியின் இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகம் சொல்வது: இறகின் நிறத்தை நம்பாதே, அது ஏமாற்றும். கொண்டையைப் பார். காலைப் பார். கன்னத்தைப் பார். முட்டையைப் பார்க்கும்வரை எதையும் முடிவுகட்டாதே.

ஒரு வரியை நாலு தடவை படித்தேன். தட்டைக் கொண்டை அடக்கி ஆளும் குணம். தாயிடமோ தகப்பனிடமோ கண்ணுக்குத் தெரிய இருந்தால்தான் குஞ்சுக்கு வரும். ஒளிந்திருந்து வராது. தாடியும் அப்படியே.

தாய் நம் வெள்ளை. ஒற்றைக் கொண்டை, வழித்த கன்னம். அப்படியானால் தகப்பனுக்குத் தட்டைக் கொண்டையும் தாடியும் இருந்தே ஆகவேண்டும்.

தச்சரின் சேவலுக்கு இருந்ததா?

மே 24

தச்சரிடம் போனேன். பலகை இழைத்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது? உங்கள் செத்துப்போன சேவலின் முகம் எப்படி இருந்தது என்றா?

அப்படியேதான் கேட்டேன்.

"கொண்டையா? நம்ம ரம்பம் இருக்கே," — சுவரில் தொங்கியதைக் காட்டினார் — "அதை நட்டுவச்ச மாதிரி நிக்கும்மா. ஒரு பக்கமா லேசா சாயும். என் சம்சாரம் அதைத் தொப்பிக்காரன்னுதான் கூப்பிடுவா."

"தாடி?"

"சேவலுக்குத் தாடியா? எனக்கே ஒழுங்கா வளரல," என்று சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார், அந்த உரிமை தனக்கு இல்லை என்பதுபோல.

ரம்பத்துக்கும் ரம்பத்துக்கும் அவரைவிதை பிறக்காது.

தொப்பிக்காரன் இல்லை. அந்தச் சேவல் இல்லை. என் கதவு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் நின்றேன். அப்போ யாரு?

ஜூன் 11

தெருவில் இருக்கிற சேவல்களையெல்லாம் பார்த்து முடித்தேன். பேக்கரிக்காரர் வீட்டில் ஒன்று, நர்ஸ் வீட்டில் ஒன்று. இரண்டும் ரம்பம்தான். தாடி வைத்த ஒரே ஆண் தெருமுனைத் தையல்காரர்.

யாரிடமும் சொல்லவில்லை. தகப்பனைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் பேசவேண்டும். பாதி நிரூபணத்தோடு மாமாவிடம் போனால் "புத்தகம் படிச்சு வந்துட்டா" என்பார். அதையும் அத்தையிடம்தான் சொல்வார்.

ஆகஸ்ட் 2

நீலம்.

ஆகஸ்ட் 2, மாலை

காலையில் எழுத வரவில்லை. தாடிக்காரி முதல் முட்டை இட்டிருக்கிறாள். வைக்கோலில் கைவிட்டு எடுத்தபோது பிளாஸ்டிக் பொம்மை என்று நினைத்தேன். துவைத்து வெளுத்த சட்டையின் நீலம். வெதுவெதுப்பாக இருந்தது. நம் வெள்ளைக் கோழிகள் வெள்ளை முட்டைதான் இடும். இந்தத் தெருவில், கடையில், என் ஆயுளில் நான் நீல முட்டை பார்த்ததில்லை.

புத்தகத்தில் இருக்கிறது: தட்டைக் கொண்டை, தாடி, சாம்பல் கால், நீல முட்டை — நாலும் ஒன்றாக வந்தால் ஒரே ஓர் இனம். அபூர்வம். வீட்டு அழகுக்காகச் சிலர் வளர்ப்பார்கள்.

முட்டையை என் புடவை அலமாரியில் வைத்திருக்கிறேன். திருடியவள் மாதிரி.

ஆகஸ்ட் 17

நிதானமாக எழுது. வரிசையாக எழுது.

அத்தையின் அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது. பார்த்து வரலாம், நீயும் வாயேன் என்றார் அத்தை. பஸ்ஸில் போனோம். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. பெரியம்மா கட்டிலில் காலை நீட்டியபடி, "வாடி என் தங்கச்சி மருமகளே, காலைக் கொடுத்துத்தான் உன்னை வரவழைக்க வேண்டியிருக்கு," என்றார். நல்ல வாய்.

"அடுப்படியில முட்டை இருக்கு, எல்லாருக்கும் ஊத்திக் கொண்டா."

போனேன். ஜன்னல் ஓரம் ஒரு சட்டி. நிறைய முட்டை.

அத்தனையும் நீலம்.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் ஒரு கறுப்புச் சேவல் வந்து நின்று என்னைப் பார்த்தது. படிந்த கொண்டை. கழுத்துவரை தாடி. தாடிக்காரியின் முகத்தைக் கரியில் வரைந்த மாதிரி.

திரும்பினேன். அடுப்படி வாசலில் அத்தை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். 

"எண்ணெய் அந்த மேல் தட்டுல இருக்கும்மா," என்றார்.

முட்டையை ஊற்றினேன். வேறென்ன செய்வது? நீல ஓட்டுக்குள்ளும் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 18

திரும்பும் பஸ்ஸில் அத்தை சொன்னது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"முட்டைக்குள்ளயே சாகுதும்மா. பொரியிற நேரத்துக்கு உள்ளேருந்து தட்டும். காதுல வச்சா கேக்கும். அப்புறம் நின்னுடும். உன் மாமா பொரிச்சதைத்தான் பாப்பாரு. பொரிக்காததை எடுத்துக் குழியில போடறவ நான்."

ஒரே ரத்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் அப்படித்தான் ஆகும். மாமாவிடம் ஒருமுறை சொன்னாராம், வெளியிலிருந்து ஒரு சேவல் வாங்கலாமா என்று. மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"அதான், அக்காவுக்கு முட்டைக்குன்னு சொல்லி ரெண்டு பெட்டையைக் கூடையில போட்டு எடுத்துட்டுப் போவேன். அக்கா வீட்டுச் சேவலோட விடுவேன். பொறக்கறது தாடியும் தட்டைக் கொண்டையுமா இருக்கும். அதை அங்கயே வளத்து, மறுபடி நம்ம வெள்ளையோட சேத்தா, அப்ப ஒண்ணு ரெண்டு நம்ம அச்சுலயே வரும். அதைக் கொண்டாந்து இங்க கலந்துடுவேன். அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்குக் குழிக்கு வேலை இருக்காது."

"எப்போலேருந்து அத்தை?"

"உன் புருஷன் பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்து."

அலமாரிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து போயின.

"தாடிக்காரி மட்டும் எப்படி இங்க பொறந்தா?"

"சேவலை விட்டு வந்தாலும் பெட்டை வயித்துல அதோட வித்து ரெண்டு மூணு வாரம் தங்கும்மா. அதனால திரும்பி வர்ற பெட்டையை நான் பின்னால அறையில தனியா வச்சுத்தான் கொட்டகையில விடுவேன். இந்தத் தடவை அறை முழுக்க நாற்காலி."

"என்ன நாற்காலி?"

"உன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலி. வேற இடம் இல்லாம நேரா கொட்டகையில விட்டேன். ஒரு முட்டை தப்பிச்சு இன்குபேட்டருக்குள்ள போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பா அது?

"நீங்க ஏன் என்மேல பழி சொல்ல விட்டீங்க அத்தை?"

பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டினார். அப்புறம்: "நீ வந்த புதுசு. வந்த புதுசுல ஒரு பொண்ணு கதவைத் திறந்து போட்டா நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. என்னுது அப்படியா? அவருக்குத் தெரிஞ்சா அவர் இருக்கமாட்டாரு."

நாலு நாள் இல்லை அத்தை. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை.

இதைச் சொல்லவில்லை. மனசுக்குள்தான்.

ஆகஸ்ட் 20

வகுப்பில் முதலாண்டு மாணவிகளுக்கு மறைந்திருக்கும் முற்கோளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லப்படாமலேயே வாதத்தைத் தாங்கி நிற்பது. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

இரண்டு ஒற்றைக் கொண்டைக்குத் தட்டைக் கொண்டை பிறக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பழைய புத்தகமும் ஒன்றரை மாதமும் ஆனது.

கொண்டையைப் பார்த்தே மூன்று தலைமுறை சொல்லுகிற மாமாவுக்கு?

கன்னத்தில் அந்தப் பஞ்சைப் பார்த்த நொடியிலேயே தெரிந்திருக்கும். பெரியம்மா வீட்டு முற்றத்தில் அவர் எத்தனை முறை உட்கார்ந்திருப்பார். அந்தச் சேவலை எத்தனை முறை பார்த்திருப்பார்.

அவர் தொடாத அந்தக் கிண்ணம். வயிறு சரியில்லையாம்.

தெரியும். அவருக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். மனைவியைக் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும் — கோப்பை, பெயர், எல்லாம். கேட்காமலிருக்க ஒரு கதவு தேவைப்பட்டது. அந்தக் கதவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

கரும்பலகையைப் பிடித்துக்கொண்டேன். "மேடம், தண்ணி வேணுமா?" என்று முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

ஆகஸ்ட் 21

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ந்துபோவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பென்சிலைக் கீழே வைத்தான். அவ்வளவுதான்.

"உனக்கும் தெரியுமா?"

"சின்ன வயசுல கூடையைத் தூக்கிட்டுப் போனதே நான்தான்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"அம்மாவைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?"

"என்னைக் கொடுத்தியே."

படிப்படியாக வரைந்துகொண்டே போன மாடிப்படி தாளின் விளிம்பைத் தாண்டி மேசையில் கோடாக ஓடியிருந்தது, இப்போதுதான் பார்த்தேன்.

ஒரு கோழியின் இனத்தைக் கண்டுபிடிக்க நூலகம், தெரு, ஊர் எல்லாம் சுற்றினேன். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். கோழியைச் சேர்த்து.

ஆகஸ்ட் 22

தூக்கமில்லை. பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். திரும்ப உள்ளே வைத்தேன். போனால் கெடுத்துவிட்டுப் போனவள் ஆவேன்.

செப்டம்பர் 6

சொல்லிவிட்டேன்.

மேசையில் நாலு பேரும் இருந்தோம். மாமா அத்தையிடம், "அடுத்த பருவத்துக்காவது கொட்டகைக்குப் பூட்டு வாங்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட…" என்று ஆரம்பித்தார்.

"மாமா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் இங்கதான் இருக்கேன். என்கிட்டயே சொல்லுங்க."

அவன் என் முழங்கையைத் தொட்டான். எடுத்துவிட்டேன்.

"தச்சர் சேவலுக்கு ஒத்தைக் கொண்டை. நம்ம பெட்டைக்கும் ஒத்தைக் கொண்டை. தாடிக்காரிக்கு எப்படி மாமா தட்டைக் கொண்டை வந்துச்சு?"

மாமா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே மெதுவானது.

"அவ நீல முட்டை போடறா. அவளோட தகப்பன் யாருன்னு எனக்குத் தெரியும். சொல்லவா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அதில் கேள்வியே இல்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். இவருக்குத் தெரியும் — அது அத்தைக்கு அந்த இடத்தில், அந்த நொடியில்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் யாரிடம் மறைத்தாரோ அவரும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பெரிய அதிர்ச்சி ஓசையே இல்லாமல் நடக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"வேண்டாம்," என்றார் மாமா. என்னிடம். நேராக என்னிடம். ஏப்ரலுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"அப்ப நான் கதவைத் திறந்து போட்டதால இல்லைன்னு நீங்க சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"சொல்லாததால என்ன ஆச்சுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன் மாமா."

கை கழுவ எழுந்தார். குழாயடியில் முதுகைக் காட்டியபடி, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே:

"உன்னால இல்ல."

அத்தை அழ ஆரம்பித்தார். மாமா துண்டால் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "குழியில எவ்வளவு போச்சு?" என்று கேட்டார், கடைசியில். "இவ்வளவு காலத்துல?"

"எண்ணறதை விட்டுட்டேன்," என்றார் அத்தை.

செப்டம்பர் 8

வீடு மெதுவாக நடக்கிறது. யாரோ உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பதுபோல. மாமாவும் அத்தையும் சேர்ந்து இன்குபேட்டரைத் திறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மாமா ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் இன்று, "என்னை மன்னிச்சுடு," என்றான். எதற்கு என்று கேட்டேன். சரியாகச் சொல்லட்டும். யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

செப்டம்பர் 14

காலையில் துணி துவைக்கப் போனேன். கூண்டு காலி.

கத்திவிட்டேன் போலிருக்கிறது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. அடுப்படியில் கிண்ணம் எதுவும் இல்லை. கொட்டகைக்குள், போகக்கூடாது என்று சொன்ன இடத்துக்குள், அப்படியே போனேன்.

மாமா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கம்பி அடைப்புக்குள், அவருடைய சேவல்களில் முதல் சேவலோடு, தாடிக்காரி. மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்தச் சேவல் தன் கோப்பைகளையெல்லாம் மறந்து அவள் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. "மாமா… இதுல பொறக்கறது வெள்ளையா இருக்காதே."

"இருக்காது," என்றார். "தட்டும்போது நிக்காம இருந்தா போதும்."

பிறகு பழையபடி அதட்டலாக, "வந்தது வந்துட்ட, அந்தத் தீனியைப் போடு," என்றார்.

"தச்சர் வீட்டுக்குப் போகணும் மாமா. அப்புறம் போடறேன்."

அவருக்குப் புரிந்தது. தரையைப் பார்த்தார். "என்ன சொல்லப்போற?"

"அவர் சேவல் இல்லைன்னு. அது மட்டும்."

போகாதே என்று சொல்லவில்லை.

போனேன். தச்சர் கதவு ஒன்றைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தார்; அவர் மனைவி அடியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இருவரிடமும் சொன்னேன். அந்த அம்மாள் கதவை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, "தொப்பிக்காரன் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய்விட்டேன். முதல் வகுப்புக்குத் தாமதம்.